பத்து நிமிட மின்சாரம்: கணக்குக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். என்னும் காவல்

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது பழமொழி. கொடுத்த கடனைப் பேரேட்டில் எழுதி வைக்காதவன் பிறகு எவ்வளவு அழுதாலும் பயனில்லை என்று முன்னோர் எச்சரித்தார்கள். அதனால்தான் வணிகர் வீட்டில் கணக்கு நோட்டுக்கு அத்தனை மரியாதை. மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்குப் போட்டார்கள். கடை தீப்பற்றினால் முதலில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்று நம்மில் பலருடைய நாள்வழியும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வியாபாரிக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு என்ன என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். எழுதியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் கடன், மின்சாரம் ஒரு முறை கண் சிமிட்டினால் எழுதாக் கடனாக மாறிவிடக்கூடும். இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறோமா?

கடையில் ஜெனரேட்டர் வைத்திருப்போம். வணிக வளாகத்தில் பொது ஜெனரேட்டர் இருக்கும். ஆனால் சிறு வணிகர்கள் பலரின் உண்மையான கணக்கு வேலை, கடை அடைத்த பிறகு வீட்டில்தான் நடக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மகனோ மகளோ கொள்முதல் பில்களைப் பதிவு செய்வார்கள். பகுதி நேரக் கணக்கர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து வேலை பார்ப்பார். அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காவல் என்ன? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மின்சாரம் நின்றால் உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டரில் நாம் தட்டச்சு செய்வது உடனே ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் தற்காலிக நினைவகத்தில் நிற்கிறது. மின்சாரம் இருக்கும் வரைதான் அந்த நினைவகத்துக்கு உயிர். கல்லாவில் போடாமல் கையில் வைத்திருக்கும் பணம் போன்றது அது. பிறகு, நாம் 'சேவ்' செய்யும்போதோ, கணக்கு மென்பொருள் ஒரு வவுச்சரை ஏற்கும்போதோ, அது டிஸ்க்குக்குப் போகிறது.

டிஸ்க்கில் எழுதும் வேலையும் ஒரே அடியில் முடிவதில்லை. ஒரு விற்பனை பில்லைப் பதிவு செய்தால் சரக்கு இருப்பு குறைய வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் பற்று ஏற வேண்டும். விற்பனைக் கணக்கில் வரவு ஏற வேண்டும். வரிக் கணக்கு மாற வேண்டும். இவற்றில் இரண்டு எழுதி இரண்டு எழுதாத நொடியில் மின்சாரம் போனால், பேரேட்டின் ஒரு பக்கம் சரியாகவும் மறு பக்கம் தவறாகவும் நின்றுவிடும். நல்ல மென்பொருள்கள் இதைச் சமாளிக்க வழி வைத்திருக்கின்றன. சேதமான கோப்புகளைச் சரிசெய்து மீண்டும் எழுதும் வசதியும் சிலவற்றில் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முழுதாக மீளும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது, 'கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்' என்று திரையில் எழுதிக் காட்டும். அந்த நேரத்தில் நாம் அணைக்க மாட்டோம். மின்வாரியம் அணைத்துவிட்டால்? சில சமயம் கம்ப்யூட்டர் மறுபடி எழும்பாது. கணக்கு உள்ளே பத்திரமாக இருந்தாலும், பெட்டியைத் திறக்கச் சாவியில்லாத நிலை.

இப்போதுதான் மின்தடை குறைந்துவிட்டதே!

இப்படிச் சிலர் கேட்கலாம். 2008-க்குப் பின் சில ஆண்டுகள் தமிழ்நாடு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருட்டுதான். அந்த நிலை இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் பராமரிப்புப் பணிக்கான மின்நிறுத்தம் தொடர்கிறது. கோடையில் டிரான்ஸ்பார்மர் பாரம் தாங்காமல் பியூஸ் போகிறது. மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை இருட்டில் தள்ளியது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டக் கிராமங்கள் பல நாள் மின்சாரமின்றித் தவித்தன.

மேலும், அடிக்கடி மின்சாரம் போன காலத்தில் நாம் எச்சரிக்கையாக இருந்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 'சேவ்' செய்தோம். இப்போது எப்போதோ ஒரு முறை போவதால் அந்தப் பழக்கம் போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேர இருட்டும் ஒன்றுதான், ஒரு நொடி இருட்டும் ஒன்றுதான். விளக்கு லேசாக மினுக்கிவிட்டு எரிந்தால் நாம் கவனிப்பதுகூட இல்லை. அந்த மினுக்கல் போதும், கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழும்ப.

சட்டமும் கேட்கிறது

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும். அதாவது ஆறு ஆண்டுகள். கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர் அதற்குச் சரியான மாற்றுப் பிரதி வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி அது இருக்க வேண்டும் என்றும் ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது. "கரண்ட் போச்சு சார், கணக்கு போச்சு" என்று அதிகாரியிடம் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

யு.பி.எஸ். செய்யும் வேலை

யு.பி.எஸ். என்பது ஒரு பேட்டரியும், அந்தப் பேட்டரியின் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் ஒரு சாதனமும் சேர்ந்த பெட்டி. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். மின்சாரம் நின்ற பிறகும் கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள மின்பெட்டி ஏறக்குறைய ஒரு சுற்று நேரமே தாக்குப்பிடிக்கும். அதற்குள் பேட்டரி கை கொடுக்க வேண்டும். நல்ல யு.பி.எஸ். 10 மில்லி செகண்டுக்குள் மாறிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போனதே தெரியாது.

கடைகளில் மூன்று வகை யு.பி.எஸ். கிடைக்கிறது.

முதல் வகை 'ஆஃப்லைன்'. மின்சாரம் இருக்கும்போது அதை அப்படியே கம்ப்யூட்டருக்கு அனுப்பும். போனால் பேட்டரிக்கு மாறும். விலை குறைவு.

இரண்டாம் வகை 'லைன் இன்டராக்டிவ்'. இதற்குள் ஸ்டெபிலைசர் போன்ற அமைப்பும் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் தூக்கிக் கொடுக்கும். கூடினால் குறைத்துக் கொடுக்கும். பேட்டரியை வீணாக்காமல் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். வீட்டுக்கும் சிறிய கடைக்கும் இதுவே போதுமானது.

மூன்றாம் வகை 'ஆன்லைன்'. கம்ப்யூட்டர் எப்போதுமே பேட்டரி வழியாக மாற்றப்பட்ட மின்சாரத்தில்தான் ஓடும். மாறும் நேரம் என்பதே கிடையாது. விலை அதிகம். பல கவுன்ட்டர்களுக்கு ஒரே சர்வர் வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கு ஏற்றது.

எந்த வகையானாலும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சிறிய யு.பி.எஸ். தருவது வேலையைத் தொடர்வதற்கான மின்சாரமல்ல. வேலையை ஒழுங்காக முடித்து மூடுவதற்கான மின்சாரம். பத்து நிமிடக் காவல், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடம்தான் விலைமதிப்பற்றது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே?

மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தோம். அது மின்விசிறிக்கும் விளக்குக்கும் அருமையான துணை. ஆனால் விசிறி அரை நொடி நின்று சுழன்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கம்ப்யூட்டர் நின்றால் நஷ்டம்.

பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யு.பி.எஸ்.' என்றும், மறு பக்கம் 'நார்மல்' அல்லது 'எகோ' என்றும் எழுதியிருக்கும். 'யு.பி.எஸ்.' பக்கம் வைத்தால் வேகமாக மாறும். ஆனால் வோல்டேஜ் சற்றுக் குறைந்தாலே பேட்டரிக்குப் போய்விடும். மறு பக்கம் வைத்தால் குறைந்த வோல்டேஜையும் ஏற்றுக்கொள்ளும், மெதுவாக மாறும். குறைந்த வோல்டேஜ் ஊர்களில் எலக்ட்ரீஷியன் இதை 'நார்மல்' பக்கம் தள்ளிவிட்டுப் போயிருப்பார். இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

பழைய இன்வெர்ட்டர்கள் சில சதுர அலை மின்சாரம் தருபவை. அவற்றின் பின்னால் யு.பி.எஸ். வைத்தால், சில யு.பி.எஸ்.கள் அந்த மின்சாரத்தை ஏற்காமல் தம் பேட்டரியிலேயே ஓடிப் பேட்டரியைத் தீர்த்துவிடும். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரிலும் இதே தொல்லை வரலாம். வாங்குமுன் உங்கள் இன்வெர்ட்டரின் விவரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை வி.ஏ.?

கடையில் 600 வி.ஏ., 1000 வி.ஏ. என்று சொல்லி விற்பார்கள். நாம் கேட்க வேண்டியது வாட். மூட்டையோடு நிறுத்த எடை வேறு, உள்ளே இருக்கும் சரக்கின் எடை வேறு அல்லவா? அதுபோலத்தான். 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. கணக்கு வேலைக்கான சாதாரணக் கம்ப்யூட்டர் சுமார் 80 வாட், திரை 25 வாட், இன்டர்நெட் மோடம் 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 115 வாட். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. பன்னிரண்டை ஏழால் பெருக்கினால் 84 வாட்-ஹவர். 84-ஐ 115-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 44 நிமிடம்.

ஆனால் காகிதக் கணக்கு வேறு, நடைமுறை வேறு. 7 ஆம்பியர்-ஹவர் என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் அளவு. நாமோ அவசரமாக எடுக்கிறோம். மூட்டையிலிருந்து படியால் அள்ளினால் அரிசி சிந்தாது. அப்படியே கவிழ்த்தால் பாதி தரையில்தான். மாற்றும்போது ஏற்படும் இழப்பும் சேர்ந்து, புதுப் பேட்டரியில் கையில் நிற்பது சுமார் 15 நிமிடமே. ஒழுங்காகக் கணக்கை மூட அது தாராளம்.

கணக்கர் விசிறியும் தன் யு.பி.எஸ்.ஸிலேயே ஓடட்டும் என்றால் அந்தப் பதினைந்து பத்தாகிவிடும். லேசர் பிரின்டரை மாட்டினால் கதையே முடிந்தது. லேசர் பிரின்டர் சூடேறும்போது பல நூறு வாட், சில நேரம் 1000 வாட் வரை இழுக்கும். யு.பி.எஸ். கத்திவிட்டு அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும் அணையும். ஆகவே யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டியவை கம்ப்யூட்டர், திரை, மோடம் ஆகியவைதான். பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரோ, சிறிய தெர்மல் பிரின்டரோ இருந்தால் அதையும் மாட்டலாம். லேசர் பிரின்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, விசிறி எதுவும் கூடாது.

புதிய உயர் ரகக் கம்ப்யூட்டர்களின் மின்பெட்டிகள் சில, சிறிய யு.பி.எஸ். தரும் படிக்கட்டு அலை மின்சாரத்தில் அணைந்துவிடுவது உண்டு. வாங்கும்போதே உங்கள் கம்ப்யூட்டரை மாட்டிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மாற்றித் தரச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். நாமும் வியாபாரிகள்தானே, இதைக் கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று: வியாபாரத்துக்காக வாங்கும் யு.பி.எஸ்.ஸுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுடன் முறையான பில் வாங்குங்கள். செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. வரித்தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் கோரினால் அந்த வரவு கிடைக்காது. வீட்டு உபயோகமும் கலந்திருந்தால் வியாபாரப் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பேட்டரி ஒரு வாழைத்தார்

கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டோம். யு.பி.எஸ். வாங்கி வைத்தவர்கள் நிறையப் பேர். ஆபத்து நேரத்தில் அது வேலை செய்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஏன்?

"அண்ணாச்சி, யு.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் போயிடுச்சு."

"எப்பப்பா போச்சு? நேத்துகூட பச்சை விளக்கு எரிஞ்சுதே!"

"அது மின்சாரம் இருக்கிறப்ப எரியிற விளக்கு அண்ணாச்சி. பேட்டரி போய் ஒரு வருஷம் இருக்கும் போல."

இந்த உரையாடல் நடக்காத கடைத்தெரு இல்லை. யு.பி.எஸ். பெட்டி பத்தாண்டு உழைக்கலாம். உள்ளே இருக்கும் ஈய அமிலப் பேட்டரி அப்படியல்ல. அது வாழைத்தார் மாதிரி. தொங்கவிட்டாலும் பழுக்கும், விற்காவிட்டாலும் அழுகும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு வயதாகிறது.

இந்த மூடிய பேட்டரிகளுக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் ஆயுள் 3 முதல் 5 ஆண்டுகள். ஆனால் அது 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில். சூடு ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் துறையில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. நம் ஊர்க் கோடையில், காற்றோட்டமில்லாத மேசைக்கடியில், மேற்கு வெயில் படும் சுவரோரம் வைத்த பேட்டரிக்கு இரண்டு ஆண்டு கிடைத்தாலே பெரிது. யு.பி.எஸ்.ஸைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, நிழலில், காற்றுப் படும்படி வையுங்கள். அதன் மேல் பில் கட்டுகளை அடுக்காதீர்கள். தரையில் வைக்காமல் ஒரு சிறு பலகை மேல் வைத்தால் வீடு கழுவும் தண்ணீரிலிருந்தும் தப்பும்.

பேட்டரியைக் கொல்லும் இரண்டாவது எதிரி நம்முடைய நல்ல பழக்கம் ஒன்றுதான். கடை அடைக்கும்போது தீ விபத்துக்குப் பயந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுகிறோம். ஊருக்குப் போகும்போது வீட்டிலும் அப்படியே செய்கிறோம். அது சரியான பழக்கம்தான். ஆனால் யு.பி.எஸ்.ஸின் பொத்தானை அணைக்காமல் மெயினை மட்டும் அணைத்தால் என்ன ஆகும்? மின்சாரம் போய்விட்டது என்று யு.பி.எஸ். நினைக்கும். ஆளில்லாத அறையில் 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டே பேட்டரியைத் தீர்க்கும். இப்படித் தினம் இரவு பேட்டரி வற்றி, காலியாகவே கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. மூன்று ஆண்டு வர வேண்டிய பேட்டரி சில மாதங்களில் செத்துவிடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி அணையுங்கள். இரண்டாவது யு.பி.எஸ். பொத்தானை அணையுங்கள். மூன்றாவதாக மெயின். இதை ஒரு சீட்டில் எழுதி மெயின் சுவிட்சின் பக்கத்தில் ஒட்டிவிட்டால், கடைப்பையன் அடைத்தாலும் தவறு வராது. வீட்டில் இரவு மெயினை அணைக்கும் வழக்கமில்லையென்றால், யு.பி.எஸ்.ஸுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கட்டும், சார்ஜ் ஏறும்.

மூன்றாவது எதிரி, பழைய சரக்கு. மாற்றுப் பேட்டரி வாங்கும்போது தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஓராண்டு அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி, புதுச் சீட்டு ஒட்டியிருந்தாலும் பழையதுதான். சரக்கைத் திருப்பிப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலையுண்டு. மண்ணில் கலந்தால் அது நஞ்சு. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது குறித்து 2022-ல் மத்திய அரசு புதிய விதிகளே வெளியிட்டுள்ளது.

மாதம் ஒரு சோதனை

பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதை விளக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள், அமாவாசையோ முதல் தேதியோ, ஒரு நாளை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்று கணக்கு மென்பொருளை மூடி, எல்லாவற்றையும் 'சேவ்' செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கட்டும். சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த் தொடர்பும் அறுந்துவிடும். கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்கினால் சுவிட்சைப் போட்டுவிடலாம். ஒரே நிமிடத்தில் அணைந்தால், அந்த யு.பி.எஸ். வெறும் பலகைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கிய அன்று மட்டும் முழுதாக ஓடவிட்டு எத்தனை நிமிடம் தாங்கியது என்று பார்த்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை மீண்டும் அப்படிப் பாருங்கள். நேரம் பாதியாகிவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி வீங்கியிருந்தாலோ, நாற்றமடித்தாலோ, பெட்டி கையால் தொட முடியாத அளவு சூடானாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

மின்சாரம் போனதும் செய்ய வேண்டியது

யு.பி.எஸ். கத்தத் தொடங்கியதும், 'இன்னும் நாலு பில்தான்' என்று தொடர்ந்து அடிப்பவர்கள்தான் அதிகம். அந்த நாலு பில்லுக்கு ஆசைப்பட்டு நாலாயிரம் பில்லை ஆபத்தில் மாட்டுவது புத்திசாலித்தனமல்ல.

பாதியில் நிற்கும் பதிவை முடித்து ஏற்றுக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கணக்கு மென்பொருளை மூடுங்கள். கம்ப்யூட்டரை முறைப்படி அணையுங்கள். பல கவுன்ட்டர்கள் இருந்தால் கவுன்ட்டர்களை முதலில் அணைத்து, சர்வரைக் கடைசியில் அணையுங்கள். சில யு.பி.எஸ்.களில் கம்ப்யூட்டரோடு இணைக்க யு.எஸ்.பி. கம்பி வசதி உண்டு. அதை இணைத்து அமைத்துவிட்டால், ஆளில்லாத நேரத்திலும் கம்ப்யூட்டர் தானே அணைந்துகொள்ளும்.

மின்சாரம் திரும்பியதும் உடனே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுங்கள். வரும் மின்சாரம் ஒரு முறை வந்து, ஒரு முறை போய்த்தான் நிலைக்கும். வற்றிய பேட்டரி முழுதாக ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். ஆகவே அன்றே இரண்டாவது முறை மின்சாரம் போனால், முதல் முறை கிடைத்த நிமிடங்கள் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

எர்த் இல்லாத காவல் பாதிக் காவல்

மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனைதான் எர்த். பிளக் சுவரில் பொருந்தவில்லை என்று அதை வெட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மின்பாய்ச்சலை மண்ணுக்குள் அனுப்பும் வழியை நாமே அடைப்பதாகும் அது. அதேபோல, தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வந்து டி.வி., பிரிட்ஜ் எல்லாம் கருகுவதைக் கேள்விப்பட்டிருப்போம். சிறிய யு.பி.எஸ். அத்தனையையும் தாங்கும் என்று நம்ப முடியாது. விளக்குகள் திடீரெனக் கண்கூசும்படி எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். வீட்டு எர்த்தை நல்ல எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சோதித்துக்கொள்வது யு.பி.எஸ். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

யு.பி.எஸ்.ஸால் முடியாதது

யு.பி.எஸ். மின்தடையிலிருந்து காக்கும். ஹார்ட் டிஸ்க் தானே பழுதானால் காக்காது. திருடன் பெட்டியையே தூக்கிப்போனால் காக்காது. 2015 டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டரும் யு.பி.எஸ்.ஸும் ஒன்றாகத்தான் மூழ்கின. ஆகவே கணக்கின் பிரதி ஒன்று தினமும் எடுக்கப்பட வேண்டும். இரண்டு பென்டிரைவ் வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று எடுங்கள். எடுத்ததும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கடையில் இருக்கட்டும். எடுத்த பிரதி உண்மையில் திறக்கிறதா என்று மாதச் சோதனை நாளிலேயே இதையும் பார்த்துவிடலாம்.

வணிகப் பெருமக்களே! ஒரு புது பேட்டரியின் விலை, யு.பி.எஸ். விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒரு மூட்டை நல்ல அரிசியின் விலைகூட இல்லை. அதைத் தள்ளிப்போடுவதால் நாம் பணயம் வைப்பது பத்தாண்டு கால வாடிக்கையாளர்களின் பாக்கிக் கணக்கு. பாக்கி வைத்தவர் நல்லவராக இருந்தாலும், "எவ்வளவு அண்ணாச்சி தரணும்?" என்று அவர் கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டுமல்லவா? கணக்கில்லாத கடையில் நாணயம் நிற்காது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் 'சேவ்' செய்து மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்கினால் மகிழ்ச்சி. தாங்காவிட்டால் நாளைக் காலை கடை திறக்குமுன் புது பேட்டரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.